கோந்து சாரின் ராஜினாமா

திறமைசாலிகள் வேலையை விட்டுப் போவது ஒரு வியாதி என்று வைத்துக்கொண்டால், அந்தக் கம்பெனியில் அதற்கு ஒரே ஒரு வைத்தியர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பிரிவைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதாகத் தகவல் இல்லை. மூன்றாம் மாடியில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த அவரை ஆறு மாடிக்கும் 'கோந்து சார்' என்றால்தான் தெரியும். போகிறேன் என்று கிளம்பிய ஆளை அவர் ஒட்டினால் ஒட்டினதுதான். அடையாள அட்டையில் இருந்த பதவிப் பெயர் இதைவிட மிகவும் நீளம். அர்த்தம் என்னவோ இதேதான்.

கப்பலில் போகும் குளிர்பதனப் பெட்டிகளுக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று சொல்லும் சின்னச் சின்னக் கருவிகளைச் செய்து உலகம் முழுக்க விற்கும் கம்பெனி அது. தலைமையகம் கடல் தாண்டி எங்கோ இருந்தது. அங்கே உள்ளவர்கள் காலையில் குளித்துவிட்டு வந்து உட்காரும்போது இங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். அவர்களுடைய உற்சாகமும் இவர்களுடைய கொட்டாவியும் தினமும் ஒரு மணி நேரம் திரையில் சந்தித்துக்கொள்ளும். அதற்கு 'ஒருங்கிணைப்பு' என்று பெயர்.

தலைமையகத்துக்கு ஊழியர்கள் எல்லாரும் பிள்ளைகள் மாதிரி. என்ன, எந்தப் பிள்ளை மேல் எவ்வளவு பாசம் என்பதை ஒழுங்காகப் பதிவு செய்து வைத்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மேலாளர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவரையும் ஒன்பது கட்டங்களில் ஏதாவது ஒன்றில் உட்காரவைப்பார்கள். கீழே இடது மூலை என்றால் ஆள் தேறமாட்டார். நடுக்கட்டம் என்றால் இருந்தாலும் சரி, போனாலும் சரி. மேலே வலது மூலை என்றால் ரத்தினம். யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை அவரிடம் மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் ரத்தினத்துக்குத் தலைக்கனம் வரும், தேறாதவருக்கு மனசு உடையும், நடுக்கட்டத்துக்காரர் தன் பாட்டுக்கு வேலை பார்ப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்துவிடுவார். மூன்றுமே உற்பத்திக்கு நல்லதில்லை.

சாதாரணக் கட்டத்து ஆட்கள் ராஜினாமா கொடுத்தால் அட்டையையும் மடிக்கணினியையும் வாங்கிக்கொண்டு, ஒரு கேக் வெட்டி அனுப்பிவிடுவார்கள். ரத்தினம் கொடுத்தால்தான் கட்டடம் ஆடும். அந்த வாரத்துக்குள் 'தக்கவைப்பு உரையாடல்' நடந்தாக வேண்டும் என்பது உலகளாவிய விதி. அதை நடத்துவதற்கென்று முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர் நம்முடைய கோந்து சார்.

அவருடைய வித்தையில் மந்திரம் மாயம் ஒன்றும் கிடையாது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர் சம்பளம் என்பார். கோந்து சார் பேசமாட்டார். வந்தவர் வளர்ச்சி, வாய்ப்பு என்று அளப்பார், அப்போதும் இவர் பேசமாட்டார். மேசையைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், தன் கை விரல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மௌனத்தைத் தாங்கமாட்டாமல் கடைசியில் உண்மை பொத்தென்று வந்து விழும். மேலாளர் தன் வீட்டு விசேஷத்துக்கு எல்லாரையும் கூப்பிட்டார், இவரை மட்டும் விட்டுவிட்டார். அல்லது, உட்காரும் இடத்தில் ஏசி காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. பிடரியில் அடிக்கும் காற்றுக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் போகத் துணிந்த மேதைகளைக் கோந்து சார் கண்ணாரக் கண்டிருக்கிறார். நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொல்வார். மேதை தங்கிவிடுவார். தலைமையகம் பாராட்டுக் கடிதம் அனுப்பும்.

நாற்காலியைத் திருப்பித் தீர்க்க முடியாத குறை என்றால் அதற்கும் ஒரு மருந்து உண்டு. "ஒரு வருஷம் பொறுங்க, நான் பாத்துக்கறேன்" என்பார். பார்த்துக்கொள்ளமாட்டார். பார்க்க வேண்டிய தேவையும் வராது. ஒரு வருடத்தில் மனுஷனுக்கு எவ்வளவோ மறந்துபோகிறது, எதற்காகக் கோபப்பட்டோம் என்பது உள்பட.

இந்த மருந்தை அவர் முதன்முதலில் கொடுத்தது ஒரு பெண்ணுக்கு. கருவி வடிவமைப்புப் பிரிவில் அவர்தான் ரத்தினம். தான் செய்த கருவியைத் தலைமையகம் வேறொருவர் பெயரில் வெளியிட்டுவிட்டது என்று ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோந்து சாருக்கு அப்போது தலைமுடி அடர்த்தி. ஒரு வருஷம் பொறுங்க என்றார். அந்த ஒரு வருடத்துக்குள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. வருடம் முடிந்ததும் அந்தப் பெண் சொன்னது சொன்னபடி ராஜினாமா செய்தார். கம்பெனிக் கணக்கில் அது தோல்வி. வீட்டுக் கணக்கில் என்ன என்று அப்போது யாரும் கட்டம் போட்டுப் பார்க்கவில்லை.

மூன்று வருடம் முன்பு அந்த அம்மாளுக்கு ரயிலில் ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் துறைமுக ஊரில், அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பொறுப்பான வேலை கிடைத்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போனார். நீ முன்னால் போ, நான் பின்னாலேயே வருகிறேன் என்று கோந்து சார் சொன்னார். ஒரு வருஷம் பொறு, இங்கே ஒரு மாற்று ஆளைத் தயார் செய்துவிட்டு வருகிறேன் என்றார். நிஜமாகவே தயார் செய்தார். ஆள் தயாரானதும் தலைமையகம் அவரைத் திறமைசாலி என்று கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொருவரைத் தயார் செய்தார். அவரையும் கண்டுபிடித்தார்கள். இப்படியாக இரண்டாவது ஒரு வருடமும் மூன்றாவது ஒரு வருடமும் கழிந்தன. கோந்து சார் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போய், பெரிய மனுஷர் மாதிரி சோபாவில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியான ரயிலைப் பிடித்துத் திரும்பி வருவார்.

போன மாதம் மனைவி போனில் வீடு மாற்றப் போவதாகச் சொன்னார். இப்போதிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் அதை விற்கிறாராம்.

"ரெண்டு ரூம் வீடா, மூணு ரூம் வீடான்னு முடிவு பண்ணணும். நீங்க வர்றதா இருந்தா மூணு. இல்லன்னா எங்களுக்கு ரெண்டு போதும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா ரெண்டு. அவ்வளவுதான். சண்டை எல்லாம் இல்ல."

சண்டை இல்லை என்பதுதான் கோந்து சாருக்கு உறைத்தது. அவருடைய அனுபவத்தில், கத்துகிற ஆள் தங்கிவிடுவார். நாற்காலியை மேசைக்குள் நகர்த்திவிட்டு நன்றி சொல்கிற ஆள்தான் போய்விடுவார். மறுநாள் காலை அவர் ராஜினாமா செய்தார்.

கணினியில் ஐந்து இடத்தில் அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தினார். துக்கமோ நிம்மதியோ வரும் என்று கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. காப்பி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, வழக்கமான சிவப்புப் பட்டையோடு ஒரு தகவல் வந்திருந்தது. உயர்திறன் ஊழியர் ஒருவர் ராஜினாமா செய்திருக்கிறார், தக்கவைப்பு அதிகாரி உடனே உரையாடலுக்கு ஏற்பாடு செய்யவும். கோந்து சார் பெருமூச்சு விட்டார். பாவம், யாரோ, இந்த நேரம் பார்த்து, என்று நினைத்துக்கொண்டே திறந்தார். உள்ளே அவர் பெயர் இருந்தது.

ஊரில் உள்ளவர்களின் கட்டமெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவருக்குத் தன் கட்டம் அன்றைக்குத்தான் தெரிந்தது. மேலே, வலது மூலை. பெருமைப்பட்டுப் பார்க்கலாமே என்று முயற்சி செய்தார். காப்பி ஆறிப்போனதுதான் மிச்சம்.

இயக்குநரைப் போய்ப் பார்த்தார். இயக்குநர் அவரைவிடப் பத்து வயது இளைய பெண்மணி. முன்பு இரண்டு முறை போகக் கிளம்பி, இரண்டு முறையும் கோந்து சாரால் ஒட்டப்பட்டு, தலைமையகத்துக்கு அனுப்பப்பட்டு, மெருகேறித் திரும்பி வந்தவர். அதனால் அவரிடம் எப்போதும் மரியாதையாகவே பேசுவார்.

"உக்காருங்க கோந்து சார். எனக்கும் தகவல் வந்துச்சு. ஷாக் ஆயிட்டேன்."

ஷாக் ஆன முகம் மாதிரி இல்லை. கோந்து சார், தன்னை அந்தக் கட்டத்தில் போட்டது யார் என்று மட்டும் கேட்டார்.

"நான்தான். ஒவ்வொரு துறையிலயும் பத்துல ஒருத்தர் அங்க இருந்தே ஆகணும்ல. நம்ம துறையில பத்துப் பேர். மீதி ஒன்பது பேரும் புதுசு, ஒரு வருஷம் ஆகாதவங்களைப் போடக் கூடாது. அப்புறம் யாரு இருக்கா?"

"அப்ப நிஜமாவே திறமைன்னு இல்ல."

"அப்படிச் சொல்லலையே. நல்லாத்தானே பண்றீங்க."

சரி, உரையாடலை யார் நடத்துவது என்று அடுத்த கேள்வி வந்தது. இயக்குநர் யோசிக்கவே இல்லை. சான்றிதழ் உள்ளவர்தான் நடத்த வேண்டும், சான்றிதழ் இருப்பது கோந்து சாரிடம் மட்டும்தான், ஆகவே அவரே நடத்திவிடலாம் என்றார். ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்காரக் கூடாது என்று விதியில் எங்கேயும் இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னார். அது உண்மை. இந்த அலுவலகத்துக்கான விதிமுறையை எழுதியவர் கோந்து சார்தான். அவருக்கு அப்படியொரு யோசனை வரவில்லை. மேலும், இந்த வருடம் ஒரு ரத்தினத்தைக்கூட இழக்கவில்லை என்று தலைமையகத்துக்குச் சொல்லியாகிவிட்டது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு நடத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ராஜினாமா என்றதும் மறுமுனையில் சந்தோஷச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. உரையாடல் முடியட்டும், கோந்து போட்டுவிடுவார்கள், அப்புறம் பார்ப்போம் என்றார். போடப் போவது யார் என்று சொன்னதும் மட்டும் லேசாகச் சிரித்தார். "அப்ப சுத்தம். அந்த ஆளு ரொம்பக் கெட்டிக்காரரு."

அந்தக் கட்டடத்தில் கூட்ட அறைகளுக்கெல்லாம் நற்குணங்களின் பெயர். 'துணிவு' எப்போதும் விற்பனைப் பிரிவிடம் இருந்தது. 'தெளிவு' அறையின் திரை பழுது. காலியாக இருந்தது 'நம்பிக்கை' மட்டும்தான். வியாழக்கிழமை காலை அதில் அரை மணி நேரத்துக்கு முன்பதிவு செய்து, அழைக்கப்படுபவர் என்ற இடத்தில் தன் பெயரையும், அழைப்பவர் என்ற இடத்தில் தன் பெயரையும் போட்டார். அழைப்பு வந்தது. ஏற்றுக்கொண்டார்.

அறையில் ஒரு வட்ட மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் யாரோ மலை உச்சியில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். கோந்து சார் எப்போதும்போல் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியைப் பார்த்தார். அடுத்தவர் உட்கார வேண்டிய இடம் என்று பட்டது. எழுந்து போய் அதில் உட்கார்ந்தார். இப்போது பழைய நாற்காலி காலியாக இருந்தது. ஒருவழியாக நாற்காலியில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டு, ஏன் போகிறாய் என்று தன்னைக் கேட்டுக்கொண்டு, தொழில் சுத்தமாக வாயை மூடிக்கொண்டார்.

மேசையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கை விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலே காற்றுக் குழாய் சன்னமாக உறுமிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் இந்த இடத்தில் ஏதாவது பொங்கிக்கொண்டு வரும், கண் கலங்கும், காது சிவக்கும். அவருக்கு ஒரு கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு, 'தொம்' என்ற சத்தத்துக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை. போக ஆசை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. இருக்க ஆசை இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. பயப்பட வேண்டிய விஷயம் என்று புத்தி சொன்னது. பயமும் வரவில்லை.

சரி, படிவத்தையாவது நிரப்புவோம் என்று திறந்தார். காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று எழுதினார். உடனே ஓரத்தில் வழிகாட்டிக் குறிப்பு எட்டிப் பார்த்தது: 'குடும்பம் என்பது பெரும்பாலும் உண்மையான காரணம் அன்று. ஊழியர் எதையோ மறைக்கிறார். மேலும் விசாரிக்கவும்.' இதுவும் அவர் எழுதியதுதான். எழுதியபோது நல்ல வாக்கியமாகத் தெரிந்தது.

அரை மணி நேரம் தாண்டிவிட்டது. வெளியே அறைக்காக யாரோ காத்திருந்தார்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர் இயக்குநர். உட்காராமல், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எப்படிப் போயிற்று என்று விசாரித்தார். ஆள் பிடி கொடுக்கவில்லை என்று கோந்து சார் சொன்னார்.

இயக்குநர் தயாராகத்தான் வந்திருந்தார். பதவிப் பெயரில் 'உலகளாவிய' என்று ஒரு சொல் சேரும். சம்பளமும் கொஞ்சம் நகரும். வேலையைத் துறைமுக ஊரில் இருந்தே பார்க்க ஏற்பாடு செய்யலாம்.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டார் கோந்து சார்.

"ஒரு வருஷம் பொறுங்க கோந்து சார். நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தைகள் எந்த இடத்தில் நின்று, எந்த இடத்தில் தலையை லேசாகச் சாய்க்க வேண்டும் என்பது உள்பட அப்படியே இருந்தன. தன் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பது மாதிரி இருந்தது அவருக்கு. அளவு நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. நல்ல மாணவி என்று தோன்றியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாடிப்படிக்குப் போனார். லிஃப்ட் வந்த பிறகு அந்தப் படிகளை யாரும் பயன்படுத்துவதில்லை.

அங்கிருந்து மனைவிக்குப் போன் போட்டார்; அவர் ஆய்வகத்தில் இருந்தார். பின்னால் ஏதோ இயந்திரம் விட்டு விட்டு ஒலித்தது. கோந்து சார், இயக்குநர் சொன்னதையெல்லாம் வரிசையாக ஒப்பித்தார். சம்பளத்தைச் சொன்னார். மறுமுனை பேசவில்லை. ஒரு வருடம்தான், அதற்கப்புறம் அங்கேயே, என்றார். பேசவில்லை. மகளின் படிப்புக்கும் ஆகும் என்றார். இயந்திரம் ஒலித்தது, நின்றது, மறுபடி ஒலித்தது. இது யாருடைய வித்தை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் தாங்க முடியவில்லை.

"எனக்கு அங்க வரணும்னு ஆசையா இருக்கான்னு தெரியல" என்றார். "இங்க இருக்கணும்னும் இல்ல. உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. ஆசை இல்லாம வந்தா அது உன்னை ஏமாத்தற மாதிரி."

அதற்குத்தான் மனைவி வாய் திறந்தார். குரலில் கோபம் இல்லை, பரிவும் அவ்வளவாக இல்லை.

"ஆசை வந்தப்புறம்தான் வருவேன்னா வர வேணாம். எனக்கும் இப்ப அப்படி ஒண்ணும் பொங்கி வழியல. ஆசை இல்லாமலும் வரலாம். ரயில்ல ஏறும்போது அதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க."

அப்புறம், சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

கோந்து சார் படியிறங்கி வந்து தன் மேசையில் உட்கார்ந்து, முடிவு என்ற இடத்தில் 'தக்கவைக்க இயலவில்லை' என்று அழுத்தினார். அவர் கைக்கு அந்தப் பொத்தான் புதிது. எங்கே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது.

விளைவுகள் முறைப்படி வந்தன. ரத்தினத்தைக் கைநழுவவிட்ட அதிகாரி, புத்தாக்கப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அதிகாரி இந்த மாதக் கடைசியில் போகப் போகிறார் என்பது பயிற்சிப் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆகவே கோந்து சார் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தான் பேசிப் பதிவு செய்த வீடியோ பாடத்தைத் தானே அரை நாள் கேட்டார். அதில் அவருக்கு முடி அதிகம், நம்பிக்கையும் அதிகம். கடைசியில் பரீட்சை. ஒரு கேள்வியில் மட்டும் தவறு. ஊழியர் 'குடும்பம்' என்று சொன்னால் அதை உண்மையான காரணமாக ஏற்கலாமா? அவர் 'ஏற்கலாம்' என்று போட்டிருந்தார். இருந்தாலும் தேர்ச்சிதான்.

கடைசி நாள் கேக் இல்லை. ரத்தினங்கள் போவதில்லை என்பதால் அவர்களுக்குக் கேக் ஒதுக்கீடே கிடையாது என்று கணக்குப் பிரிவு வருத்தத்தோடு தெரிவித்தது. இயக்குநர் கை கொடுத்தார். இந்த வருடம் ஒரு ரத்தினமும் போகவில்லை என்ற கணக்கு கெடாமலிருக்க, போன வாரமே அவரை நடுக்கட்டத்துக்கு மாற்றிவிட்டதாகவும், தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். கோந்து சார் தப்பாக நினைக்கவில்லை. அவரே இயக்குநராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

ஒரு பெட்டி, ஒரு தோள்பை, குக்கர் ஒன்று. இவற்றோடு அவர் துறைமுக ஊரில் இறங்கியபோது மத்தியானம். புது வீடு இரண்டாம் மாடி. கதவைத் திறந்தது மகள். உயரமாகியிருந்தாள். போன மாதமும் இதே உயரம்தான் இருந்திருக்க வேண்டும். பெட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்பா, அம்மா உங்களுக்கு ஆறு மாசம் புரொபேஷன்னு சொன்னாங்க" என்றாள். முகத்தைப் பார்த்தால் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரியும் இருந்தது, தகவலுக்குச் சொன்ன மாதிரியும் இருந்தது. சரிம்மா என்றார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வந்துட்டீங்களா என்று கேட்டார். வந்துட்டேன் என்றார்.  கோந்து சார் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு அறையில் மகளின் புத்தகங்கள். இன்னொரு அறையில் மனைவியின் பெரிய மேசை, அதையொட்டி ஒற்றைக் கட்டில். மூன்றாவது கதவைத் திறந்தால் குளியலறை.

"ரெண்டு ரூம்தான் எடுத்தேன்" என்றார் மனைவி. "நீங்க ராஜினாமா பண்ணேன்னு சொன்ன அன்னிக்கே கையெழுத்துப் போட்டுட்டேன். நம்பல."

"ம்."

"அப்புறமும் மாத்தியிருக்கலாம். மாத்தல."

கோந்து சார் தலையாட்டினார். வலிக்கிறதா என்று உள்ளே கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். எங்கேயோ தூரத்தில், வேறு யாருக்கோ லேசாக வலிக்கிற மாதிரி இருந்தது. அதுவே இத்தனை நாளில் புதிதுதான். எங்கே படுப்பது என்று கேட்டார்.

"ஹால் சோபாவை விரிச்சா கட்டில் ஆயிடும். ஒரு பக்கம் மட்டும் கொக்கி சரியா மாட்ட மாட்டேங்குது. பாதி ராத்திரியில மடங்கிடும்."

மகள் சோபாவின் மேல் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு போனாள். கோந்து சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து, சோபாவுக்கு அடியில் தலையை விட்டு, கொக்கி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். வெளிச்சம் போதவில்லை. மனைவி கைபேசி விளக்கைப் போட்டு, குனிந்து பிடித்துக்கொண்டார்.